அம்மா மாதிரியே எடுக்கிற கேமரா

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஆள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நிற்கிறார். முகம் மைதா மாவு மாதிரி வெளுத்திருக்கிறது. உதட்டில் லேசான சிவப்பு. முதுகுக்குப் பின்னால் அருவி கொட்டுகிறது. அருவிக்கு இரண்டு பக்கமும் பனி பிடித்த ஊசி மரங்கள். அவர்தான் என் அப்பாவாம்.

என் அப்பா கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைத்தவர். சட்டை போடுகிற நாட்களே கம்மி. வெயிலில் நின்று நின்று அடுப்புக்கரி நிறத்துக்கு வந்திருந்தார். இடது காது நுனி கொஞ்சம் பிய்ந்திருக்கும். சுவரில் இருக்கிற ஆளுக்கு இரண்டு காதும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. ஸ்டுடியோக்காரன் பிய்ந்த காதைப் பார்த்திருக்கிறான், ஐயோ பாவம் என்று நல்ல காதாக வரைந்து கொடுத்திருக்கிறான். அவனை யார் கேட்டது?

அப்பா திடீரென்று போய்விட்டார். எங்கள் பக்கத்தில் இப்போது பிணத்தை எடுப்பதற்கு முன்னால் பேனர் கட்டியாக வேண்டும். பாடை தாமதமானால்கூடப் பரவாயில்லை, கண்ணீர் அஞ்சலி பேனர் தாமதமாகக் கூடாது. அண்ணன் மலையிறங்கி கள்ளக்குறிச்சிக்கு ஓடினான். அவன் கட்சியில் ஏதோ ஒரு கிளைப் பொறுப்பில் இருக்கிறான், அதனால் அவனுக்குப் பேனர் இன்னும் முக்கியம். வந்து நின்ற பேனரில் அண்ணன் கைகூப்பிக்கொண்டு பெரிதாக நின்றான். அவனுக்கு மேலே அவன் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செத்த மனுஷன் கீழே ஒரு வட்டத்துக்குள் இருந்தார்.

அந்த வட்டத்துக்குள் போடக்கூட அப்பாவுக்கு ஒழுங்கான படம் இல்லை. அண்ணன் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம் ஒன்றில் ஓரமாக, யாரோ ஒரு தடித்த ஆளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பார். அந்தப் பாதி முகத்தை வெட்டி, மீதியைத் தாங்களாக வரைந்து, கோட்டுப் போட்ட எவனோ ஒருவனுடைய உடம்பின் மேல் ஒட்டிவிட்டார்கள். கருமாதிக்கு அதையே சட்டம் போட்டுக் கொண்டுவந்து அண்ணன் மாட்டினான்.

அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். தள்ளி நின்றும் பார்த்தாள்.

"யாருடா இது?"

"அப்பாதாம்மா."

"உங்கப்பனா? இந்த ஆளு வூட்டு வாசல்ல கூட உங்கப்பன் நின்னிருக்க மாட்டாரு."

"ஸ்டுடியோல கொஞ்சம் நல்லா பண்ணிக் குடுத்தாங்கம்மா."

"நல்லா இருக்கிற ஆளெ அந்த ஸ்டுடியோக்காரன் வூட்ல மாட்டிக்கச் சொல்லு. கண்டவனுக்கெல்லாம் நான் வெளக்கு ஏத்த முடியாது."

சொன்னபடியே இன்றுவரை ஏற்றவில்லை. அமாவாசைக்கு அண்ணி ஏற்றுவாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் வெளியே போய் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருப்பாள்.

அண்ணனுடைய போனில் அப்பா இருந்தார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆட்டைத் திட்டுகிற அப்பா, மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி மண்ணைத் தட்டுகிற அப்பா, என் மகனைக் கூப்பிடுகிற அப்பா என்று சின்னச் சின்ன வீடியோக்கள். அப்பா போவதற்கு முந்தின தீபாவளிக்கு, பழைய போனைக் கொடுத்தால் புதுப் போனில் தள்ளுபடி என்று கடைக்காரன் சொன்னதும் இவன் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். எல்லாம் தானாகப் புதுப் போனுக்கு ஏறிவிடும் என்று கடைக்காரன் சொன்னானாம். தலைவர்களோடு இவன் நின்ற படங்கள் மட்டும் ஏறியிருந்தன. அப்பா ஏறவில்லை. அதைச் சொல்லும்போதுகூட அவன் முகத்தில் ஒரு வெட்கம் இல்லை. "சிஸ்டம் மிஸ்டேக்" என்றான்.

போன வருஷம் மரவள்ளி பிடுங்கும் சமயத்தில் மலைக்குப் போயிருந்தேன். கிழங்கை வெட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: "என்னையும் உங்கண்ணன் இப்படி ஆக்கிடுவான். நான் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வெச்சிடுடி. என்னெ மாதிரியே இருக்கணும். பேசற படமும் ஒண்ணு வேணும்."

"பேசறது எதுக்குமா?"

"அவரு கொரலு மறந்து போய்க்கினு இருக்குது எனக்கு."

சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்து வெட்டினாள்.

நான் கள்ளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைப்பேன், ஓரம் அடிப்பேன். கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முதலில் என் போனிலேயே எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் போன் போதும் போதும் என்கிறார்களே. எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குத் தாடையில் ஒரு மரு உண்டு, கொத்துமல்லி விதை அளவுக்கு. படத்தில் அதைக் காணோம். நெற்றிச் சுருக்கத்தையும் காணோம்.

"மரு எங்கடி போச்சு? காசில்லாமயே ஆப்பரேசன் பண்ணிட்டியா?" என்றாள்.

அழகாக்குகிற வசதி என்று போனில் ஒன்று இருக்கிறது, அதை நிறுத்து என்றார்கள். நிறுத்தினேன். அப்போதும் அது தன் புத்தியைக் காட்டிக்கொண்டேதான் இருந்தது. கறுப்பாக ஒரு முகத்தைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. தானாக ஒரு சுற்று வெள்ளையடிக்கும். தோலை இஸ்திரி போடும். காசு கொடுத்து வாங்கிய போன் என் அம்மாவின் முகத்தைச் சரியில்லை என்கிறது. போதாததற்குப் போனை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. அண்ணனுடைய போனில் அப்பா போன கதை போதும். தனியாகக் கேமரா வேண்டும், அதன் கார்டைக் கழற்றி டப்பாவில் போட்டு என் கையாலேயே மூடி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கேமரா விற்கிற ஒரு கடைக்குப் போனேன். என் கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்துவிட்டேன். கடைக்காரன் டேப்பையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"சின்னதா ஒரு கேமரா வேணும்பா. போட்டோவும் எடுக்கணும், வீடியோவும் எடுக்கணும். வெலை ரொம்ப ஜாஸ்தியா இருக்கக் கூடாது."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

"சேனல் ஆரம்பிக்கப் போறீங்களா?"

"எங்கம்மாவெ எடுக்கணும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய கேமரா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். லென்ஸ் மட்டும் ஒரு சொம்பு அளவுக்கு இருந்தது. "கல்யாணத்துக்கெல்லாம் இதுதான்க்கா ஓடுது."

"நான் கல்யாணம் எடுக்கப் போறதில்ல. எங்கம்மா ஒருத்தி."

"சின்னதெல்லாம் போன் வந்ததும் போச்சுக்கா. கம்பெனிக்காரனே செய்யறதெ விட்டுட்டான்." பிறகு அலமாரிக்கு அடியிலிருந்து தூசியோடு ஒன்றை எடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சைஸ். விலையைச் சொன்னான். ஏற வேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி நின்றேன். இப்போது மெட்ராஸில் காலேஜ் பிள்ளைகள் இந்தப் பழைய சின்னக் கேமராக்களைத்தான் தேடித் தேடி வாங்குகிறார்களாம், படம் மங்கலாக வருவது ஃபேஷனாம். மங்கலாக எடுக்கக் காசு கொடுக்கிற பிள்ளைகளால் எனக்கு விலை ஏறியிருக்கிறது. 

"எத்தினி மெகாபிக்சல் தெரியுமாக்கா?"

"அது இருக்கட்டும். என்னெ ஒண்ணு எடு."

எடுத்தான். பளீரென்று ஃப்ளாஷ் அடித்தது. படத்தில் நான் சுண்ணாம்பு அடித்த குட்டிச்சுவர் மாதிரி இருந்தேன். ஃப்ளாஷ் இல்லாமல் எடு என்றேன். எனக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். அந்தச் சுவர் அழகாக வந்திருந்தது. எனக்குக் கண்ணும் மூக்கும் எங்கே என்று தெரியவில்லை.

"லைட் கம்மிக்கா. அதோட நீங்க கொஞ்சம்..."

"இன்னா கொஞ்சம்?"

"கொஞ்சம் மாநெறம்."

"கறுப்புன்னு சொல்லுப்பா. வாய் வெந்திடாது. ஊர்ல பாதிப் பேரு கறுப்பு, நீயும் கறுப்பு. உங்க கடையில கறுப்பா இருக்கிறவங்களெ எடுக்க ஒரு சாமான் இல்லியா?"

அவன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, கல்யாண கேமரா பார்க்க வந்த ஆட்களிடம் போய்விட்டான். போகட்டும். ஆனால் அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கேமராவில் பிளஸ் மைனஸ் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது, வெளிச்சத்தை ஏற்றி இறக்குவதற்கு. அவன் போனதும் நானாக அதை அமுக்கிப் பிளஸ் பக்கம் தள்ளி என் கையை எடுத்துப் பார்த்தேன். கை என் கை நிறத்தில் வந்தது. ஆக, சாமானில் குறை இல்லை. அமுக்கத் தெரிந்தும் அமுக்காத ஆளிடம்தான் குறை.

அடுத்து ஆன்லைனில் தேடினேன். அங்கே எல்லாமே மலிவு. மலிவாக இருக்க இருக்க மெகாபிக்சல் ஏறிக்கொண்டே போனது. படத்தில் பார்க்க அசல் கேமரா, கீழே ஆயிரம் பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஒன்று வரவழைத்தேன். பெட்டியைத் தூக்கினால் காலி பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே இருந்தது குழந்தைகள் விளையாடுகிற சாமான். எடுக்கிற முகத்துக்கு முயல் காது மாட்டுகிற வசதிகூட இருந்தது. வீடியோவில் என் மகன் கையை ஆட்டினால் கை கூழாகி ஒழுகியது. பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. திருப்பி அனுப்பிவிட்டு அந்த ஆயிரம் நட்சத்திரக்காரர்களை ஒரு வாரம் திட்டிக்கொண்டே தைத்தேன்.

கேமரா எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லித் தருகிற வீடியோக்களையும் விடவில்லை. எல்லாவற்றிலும் ஒரு பையன் கடற்கரையில் நின்று தன் மூஞ்சியைத் தானே எடுத்துக்கொள்கிறான். பின்னால் நீலக்கடல். மூஞ்சிக்கு முன்னால் இரண்டு விளக்கு. இந்த வெளிச்சத்தில் ஓட்டைத் தகரத்தை வைத்து எடுத்தால்கூட நன்றாகத்தான் வரும். ஜன்னல் இல்லாத வீட்டுக்குள், ஓட்டுச் சந்தில் விழுகிற வெளிச்சத்தில், கறுப்பாக ஒரு மனுஷியை உட்கார வைத்துக் காட்டு பார்ப்போம் என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்த பெண் ஒருத்தி பயந்துவிட்டாள்.

அவள்தான் திருக்கோவிலூரில் தன் சொந்தக்காரர் ஒருவர் சின்னக் கேமரா ஒன்றை விற்கப்போவதாகச் சொன்னாள். அவர் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர். இப்போது ட்ரோன் வாங்கியாகிவிட்டதாம். மனிதர்களை ஆகாயத்திலிருந்து எடுப்பதுதான் இப்போது மரியாதை. மேலேயிருந்து பார்த்தால் பொண்ணு எது மாப்பிள்ளை எது என்று தெரியாது, ஆனால் பந்தல் பெரிசு என்பது நன்றாகத் தெரியும்.

பஸ் பிடித்துப் போனேன். வீட்டு வாசலிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். "ஜப்பான் சாமான்மா. கண்ணெ மூடிக்கினு வாங்கலாம்."

"கண்ணெத் தெறந்துக்கினே வாங்கறேங்கண்ணா."

கையில் வாங்கினேன். கனமாக இருந்தது, அது பிடித்தது. பேட்டரி மூடி ஆடுகிறதா என்று பார்த்தேன், ஆடவில்லை. லென்ஸைப் பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். இதெல்லாம் கடற்கரைப் பையன்களிடம் கற்றதுதான், அந்த ஒன்றுக்கு அவர்கள் உதவினார்கள். வெளியே எடுத்துப் பார்க்கச் சொன்னார் அவர். வெளியே எதுவும் நன்றாக வரும், சமையல்கட்டுக்குள் போகலாம் என்றேன். அங்கே அவர் பெண்சாதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைவிடக் கறுப்பு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

"ஏக்கா, கொஞ்சம் பேசுங்க, வீடியோ எடுத்துப் பாக்கறேன்."

"நான் இன்னாத்தெப் பேசறது?"

"எதையாவது பேசுங்க."

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள். "எதையாவதுன்னா கேளு. இந்த ஆளு வூட்ல இருக்கிற சாமானெ ஒண்ணொண்ணா வித்துக்கினு வராரு. மொதல்ல பெரிய கேமரா. அப்புறம் என் தையல் மிஷினு. ட்ரோன் வாங்கறேன்னாரு, வாங்கினாரு, மொத கல்யாணத்துலயே தென்னமரத்துல மாட்டிக்கினு நின்னுச்சு. ஏற ஆள் புடிச்சதுக்குத் தனியா கூலி. கேளுடி, கேளு, இன்னும் இருக்குது..."

"போதும் நிறுத்துடி" என்றார் அவர்.

"ஏன் நிறுத்தணும்? அந்தப் பொண்ணு செக் பண்ணுதில்ல?"

போட்டுப் பார்த்தோம். அவள் அவளாகவே இருந்தாள். கறுப்பாக, கோபமாக, மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சத்தோடு. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. கீரைக் காம்பு ஒடிகிற சத்தம்கூட. இழுத்துப் பெரிதாக்கும்போது மட்டும் லென்ஸ் குர்ரென்று உறுமியது, அந்த உறுமலும் பதிவானது. இழுக்காமல் நானே நடந்து கிட்டே போய்க்கொள்கிறேன், அம்மா என்ன புலியா என்று நினைத்துக்கொண்டேன். விலை என் ஒரு மாதத் தையலைத் தின்றது. அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லி அவர் கெஞ்சினார். அழித்தேன். மனசே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்தில் இருந்தவள் வாந்தி எடுத்தபோது அதை முந்தானைக்குள் மறைத்தேன்.

வேலை செய்கிற புடவையிலேயே இரு என்றேன் அம்மாவிடம். "செத்தப்புறம் பழம்பொடவையிலயா நிக்கறது?" என்று பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள், நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டோடு. அதில் அவளிடம் நான் சண்டை போடவில்லை. நான் கை கால் கழுவிவிட்டு வருவதற்குள் கேமராவைச் சாமி மாடத்தின் முன்னால் வைத்திருந்தாள். புதிதாக எது வந்தாலும் எங்கள் வீட்டில் அப்படித்தான். மண்வெட்டிக்குப் பொட்டு, பைக்குக்குப் பொட்டு, டிவிக்குப் பொட்டு.

"பொட்டெ எங்க வெச்சம்மா?"

"நடு நெத்தியிலதான்."

கேமராவின் நடு நெற்றி எதுவென்று நினைக்கிறீர்கள்? லென்ஸ். அணைத்து வைத்திருக்கும்போது லென்ஸை இரண்டு மெல்லிய தகடுகள் இமை மாதிரி மூடியிருக்கும். அந்த இமைகள் சேருகிற கோட்டின்மேல் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம், கட்டை விரலால் அழுத்தி. பொத்தானை அமுக்கினேன். நாய்க்குட்டி மாதிரி முனகிக்கொண்டு ஒரு இமை திறந்தது, மற்றது பாதியில் நின்றது.

"ஒரு மாசம்மா! ஒரு மாசம் குனிஞ்சி தெச்ச காசு!"

"பொட்டு வெக்காம எடுத்தா வெளங்குமாடி?"

"வெச்சதாலதான் வெளங்கல!"

கைப்பையில் இருந்த ஊசியை எடுத்து, வெயிலில் உட்கார்ந்து, காய்ந்த சந்தனத்தைத் துணுக்குத் துணுக்காகச் சுரண்டினேன். இமை திறந்தது. முழுசாக இல்லை. எடுக்கிற எல்லாப் படத்திலும் இடது மேல் மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்பு நிழல் நின்றுவிட்டது. இப்போதும் நிற்கிறது.

அதற்குள் அண்ணன் பைக்கில் வந்துவிட்டான், வெள்ளைச் சட்டையும் தானுமாக.

"இதுக்கா இவ்ளோ காசு போட்டே? என் போனெப் பாரு." அம்மா முகத்துக்கு நேரே நீட்டி ஒன்று எடுத்துக் காட்டினான். அம்மாவுக்கு உதட்டில் சாயம் பூசி இருந்தது. கன்னம் ரோஜாப்பூ. வயசில் பாதியைக் காணோம்.

அம்மா போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "யாருடா இவ? எங்க புடிச்ச?"

"நீதாம்மா. எவ்ளோ சூப்பரா கீற பாரு."

"அந்தக் கோட்டுக்காரனுக்கு நல்ல ஜோடி. அவனுக்கே கட்டி வெச்சிடு. நாள் பாத்து நீயே தாலியும் எடுத்துக் குடு."

நான் அம்மாவை வாசலில் நிற்க வைத்தேன். பக்கத்தில் பாயில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. கேமராவைத் தூக்கியதும் அம்மா மாறிவிட்டாள். கை இரண்டும் தொடையோடு ஒட்டின. தோள் தூக்கிக்கொண்டது. கண் இரண்டும் பிதுங்கின. எடுத்தேன். பாம்பைக் கண்டவள் மாதிரி இருந்தாள்.

"கொஞ்சம் லேசா நில்லும்மா."

"லேசாத்தான் நிக்கறேன்."

மறுபடி எடுத்தேன். மறுபடி பாம்பு. உட்கார வைத்தேன், முறத்தைக் கையில் கொடுத்தேன், ஆட்டுக்குட்டியைக் கொடுத்தேன். ஆட்டுக்குட்டிகூட லேசாக இருந்தது, அவள் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவை இதுவரை படம் எடுத்ததெல்லாம் கார்டுக்காக. ஓட்டுப் போடுகிற கார்டு, ஆதார் கார்டு, பேங்க் புத்தகம். ஒவ்வொரு தடவையும் மலையிறங்கி, வரிசையில் நின்று, ஆடாதே, சிரிக்காதே, கண்ணைத் திற, நேராகப் பார் என்று அதட்டு வாங்கி எடுத்த படங்கள். ஆடினால் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி இறங்க வேண்டும். அப்படிப் பழகிய உடம்பு. அழகாக நில் என்று நான் சொன்னால் அது கேட்குமா?

போட்டோ போகட்டும் என்று வீடியோவுக்கு மாற்றினேன். "அம்மா, இது நடக்கிற படம். நீ ஆடலாம், பேசலாம், எது வேணா பண்ணலாம். சரியா?"

"சரி" என்று தலையாட்டினாள். நான் அமுக்கினேன். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். கை தொடைக்குப் போனது. கண் பிதுங்கியது. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். கோழி ஒன்று அவள் காலின் மேல் ஏறி இறங்கிப் போனது. அவள் அசையவில்லை.

"பேசும்மா!"

பல்லைக் கடித்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்: "மொதல்ல எடுத்து முடிடி. அப்புறம் பேசறேன்."

எனக்குப் பின்னால் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதடா எருமெ. படம் ஆடும்." இதுவும் உதடு அசையாமல். "உங்கப்பன் கொரலெ கடைக்காரன் கிட்ட வித்துட்டு வந்து நின்னுக்கினு சிரிக்கற. வெக்கமா கீதா உனக்கு? ஆட்டெத் திட்டறது ஒண்ணு இருந்துச்சு. கெழங்கு புடுங்கறது ஒண்ணு இருந்துச்சு. இப்ப இன்னா கீது? கோட்டு கீது. போட்டுக்கினு போய் ஓட்டு கேளு."

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டான். நான் நிறுத்தவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தேன். உடம்பு முழுக்கக் கட்டை மாதிரி நிற்க, உதடு மூடி இருக்க, உள்ளேயிருந்து பேச்சு மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது கயிற்றை அவிழ்த்துக்கொண்ட ஆடு ஒன்று நேராக வந்து சாமையில் வாயை வைத்தது.

"ஏய்! உன் வாயில மண்ணெப் போட!"

அம்மா படத்தைவிட்டு ஓடிவிட்டாள். திரையில் சுவரும் கோழியும் மட்டும் இருந்தன. வெளியேயிருந்து அவள் குரல் மட்டும், ஆட்டின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டு. ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. முடி கலைந்திருந்தது, முந்தானை சரிந்திருந்தது. முகத்தில் வெயிலும் வேர்வையும். என்னை நேராகப் பார்த்தாள்.

"எடுத்துட்டியாடி?"

பிறகு நினைவு வந்தவளாகக் கையைத் தொடையில் ஒட்டி மறுபடி நின்றுகொண்டாள். அங்கே நிறுத்தினேன்.

சின்னத் திரையில் போட்டுக் காட்டினேன். அம்மா குந்தி உட்கார்ந்து கேமராவை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தாள். அசையாமல் நிற்கிற தன்னை அசையாமல் பார்த்தாள். அண்ணனைத் திட்டுகிற இடம் வந்ததும் தலையாட்டினாள், சரியாகத்தான் சொல்கிறாள் என்பது மாதிரி. ஆடு வந்ததும் இவளும் கூடச் சேர்ந்து திட்டினாள். கடைசியில் திரைக்குள்ளிருந்து "எடுத்துட்டியாடி?" என்று கேட்டதும், "எடுத்துட்டா, எடுத்துட்டா, போ" என்று பதில் சொன்னாள்.

"இதெ எப்படிச் செவுத்துல மாட்டுவே?" என்றான் அண்ணன், மீசையைத் தடவிக்கொண்டு.

மூச்சு வாங்க அம்மா என்னைப் பார்த்த அந்த ஒரு கணத்தை வீடியோவிலிருந்து நிறுத்தி எடுத்துக்கொண்டு, கோட்டு மாட்டிவிட்ட அதே ஸ்டுடியோவுக்குப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன்.

"கிளாரிட்டி கம்மியா இருக்குதுக்கா. வீடியோல இருந்து எடுத்தா அப்படித்தான். மூலையில ஒரு நெழல் இருக்குது, தூக்கிடறேன். தாடையில மரு..."

"மருவுல கை வெச்சே, கடைய விட்டுப் போக மாட்டேன்."

"கொஞ்சம் ப்ரைட் பண்ணித் தரேங்க்கா. பின்னால சீனரி எது வேணும்?"

"எங்கம்மாவுக்குப் பின்னால எங்க வூடு இருக்குது. கோழி இருக்குது. அப்படியே எடுத்துக் குடு. ஒண்ணும் பண்ணாததுக்குத் தனியா காசு வேணும்னாலும் தரேன்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்படியே எடுத்துக் கொடுத்தான். கார்டு என் கடையில் நூல்கண்டு டப்பாவில் இருக்கிறது.

படத்தை மலைக்குக் கொண்டுபோனேன். அம்மா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். விரலால் மருவைத் தொட்டாள். மூலையில் இருந்த நிழலைத் தொட்டு, "இது நான் வெச்ச பொட்டு" என்றாள். சுவரில் இருந்த கோட்டுக்காரனை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"ம். இவளுக்கு வெளக்கு ஏத்தலாம்" என்றாள்.

பிறகு அதைப் பச்சைப் புடவையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள். அண்ணனிடம் இல்லை.